கிணற்றடியில் குடம் விற்றவன்

கிணற்றுச் சுவரில் கையூன்றி நின்றிருந்த அந்த அம்மா, நான் நீட்டிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் குடத்தை வாங்கினார். தலைகீழாகத் திருப்பி அடியில் தட்டிப் பார்த்தார். வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்:

"மோனே, இதில் வெள்ளம் எடுத்து ஞான் எவிடெக் கொண்டுபோகும்?"

தண்ணீரை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது?

குடத்தின் எடை, உறுதி, எத்தனை வருஷம் உழைக்கும், வெயிலில் வெளிறுமா என்று எல்லாக் கேள்விக்கும் மலையாளத்தில் பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இப்படி ஒருத்தர் கேட்பார் என்று நினைக்கவில்லை.

பேரூர்க்கடையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. பலா இலைச் சருகைக் கூட்டிக் கொளுத்திய புகை முற்றத்தில் நின்றது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனார். அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே கிணறு. உள்ளே நின்றபடியே கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். ராட்டினம் முனகியது. தொட்டி மேலே வந்தது. தொட்டி என்றால் அங்கே கிணற்று வாளி. அதை ஜன்னலுக்குள்ளேயே சாய்த்து அரிசி கழுவ ஆரம்பித்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

கூட்ஸ் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்த பிஜு, என் முகத்தையும் குடத்தையும் மாறிமாறிப் பார்த்தான். என் வாடகை வண்டிக்காரன் அவன். பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம், முழுக்க நக்கல்.

"எந்தரண்ணா இது? மீனுக்குக் குடை விற்குந்நோ?"

குடம் வாங்காத வீட்டிலெல்லாம் எனக்கு நாரங்கா வெள்ளம் தந்தார்கள். நாரங்கா என்றால் எலுமிச்சை. அந்த மாதத்தில் திருவனந்தபுரத்தில் என்னளவு எலுமிச்சைச் சாறு குடித்தவன் இன்னொருத்தன் இருந்திருக்க மாட்டான்.

பத்தாம் வகுப்பை நான் முக்கால்வாசி முடித்த கதையைப் போன இதழில் படித்துவிட்டு, மதுரையிலிருந்து ஒரு வாசகி, "மீதியை எப்போது முடிப்பதாக உத்தேசம்?" என்று கேட்டிருந்தார். எங்கே முடிக்க விட்டார்கள், மேடம்? அதற்குள் என்னை ரீஜனல் ஹெட் ஆக்கிவிட்டார்களே.

வரிசையே இல்லாத ஊர்

நாகர்கோவிலுக்கு வெளியே என் தாய்மாமா தங்கராஜுக்கு ஒரு குடப் பட்டறை உண்டு. ஒரு மெஷின், ஐந்து நிறம், சுற்றிலும் அடுப்படி மாதிரி வெக்கை. பிளாஸ்டிக் குருணை உருகி, மெஷின் வாயில் இளகிய குழாயாகத் தொங்கும். அச்சு இரண்டு பக்கமும் வந்து மூடும். காற்று ஊதினால் குடம்.

குருணையைக் கொட்டுகிற பெரிய புனலுக்கு ஹாப்பர் என்று பெயர். ரோஸ் ஓட்டி முடித்து நீலத்துக்கு மாறும்போது ஹாப்பரைத் துடைக்க வேண்டும். பழைய நிறம் முழுக்க வெளியே வரும்வரை ஓட்டிக் கழிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். என்னிடம் ஃபோன் இருந்தது.

மெஷினில் நான் நின்றால், ரோஸ் குடத்தில் நீல நரம்பு ஓடும். மஞ்சளில் பச்சை வழியும். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. மாமா முதல் தடவை பார்த்தபோது குடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லே சுபின், இது குடமாலே? அடிவாங்கிக் கன்னிப்போன முதுகு மாதிரி இருக்கு."

அந்தக் குடங்களைக் கடைக்கு அனுப்ப மாமாவுக்கு மனமில்லை, கம்பெனி பேர் கெட்டுவிடும். பொடியாக்கி மறுபடி உருக்கலாம்தான். அதையும் மெஷினில் நின்று நான் கெடுப்பேன் என்பதால் அந்த யோசனையையும் கைவிட்டார். பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். மெஷினில் நிற்கிற இன்னொரு ஆள் டென்னிசன் அண்ணன். அவர் கைபட்ட குடம் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். என்னை அவர் திட்டியதே இல்லை. நான் வேலைக்கு வருகிற நாளில் லேசாகப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

நான் மெஷின் ஓட்டியபடி பார்த்த வீடியோக்கள் எல்லாம் வியாபார வீடியோக்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நடந்துகொண்டே சொல்வார்: எல்லாரும் நிற்கிற வரிசையில் போய் நிற்காதே, வரிசையே இல்லாத இடத்தைத் தேடு.

தேடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருவனந்தபுரம் போய் சாலைக்கடைத் தெருவையும் ஆரியசாலையையும் சுற்றினேன். வாளி இருந்தது, பேசின் இருந்தது, கப் இருந்தது. எங்கள் குடம் மாதிரி ஒரு குடம் எந்தக் கடையிலும் தொங்கவில்லை. இதற்குப் பெயர்தான் மார்க்கெட் ஆராய்ச்சி. நடுவில் பிரியாணியும் சாப்பிட்டேன்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அங்க ஒருத்தனும் குடம் விக்கலியாலே?"

"ஒருத்தரும் இல்ல மாமா. போட்டியே கெடையாது."

"ஏன் விக்கல?"

"யாருக்கும் தோணல மாமா. நமக்காக்கும் மொதல்ல தோணிருக்கு."

மாமா தாளைத் திரும்பப் பார்த்தார். "பலவீனம்னு போட்ட கட்டத்துல ஒண்ணும் எழுதாம விட்டிருக்க. ஒனக்க பேர எழுத எடம் பத்தலியா?"

ஆனாலும் ஒத்துக்கொண்டார். என் திட்டம் அவரைக் கவர்ந்துவிட்டது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மெஷினை விட்டு எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறேன் என்பதுதான் அவரைக் கவர்ந்தது என்று டென்னிசன் அண்ணன் பிறகு சொன்னார்.

லாரியில் லோடு ஏற்றும்போது, தார்ப்பாய்க்குள் கிடந்த நரம்போடிய குடங்களையும் மாமா அடியில் அடுக்கச் சொன்னார். "மலையாளத்தான்மாருக்கு நல்ல கொடம் எது, கெட்ட கொடம் எதுன்னு தெரியவா போவுது?" என்றார். புது ஊருக்குச் சரக்கு அனுப்பும்போது பழைய குப்பையையும் கூட அனுப்புவது அவருடைய ஸ்ட்ராட்டஜி.

ஆரியசாலையில் ஒரு புது மலையாளி

ஆரியசாலையில் கடை பிடித்தோம். முன்பக்கம் வெங்காய மண்டி, பக்கத்தில் சாக்குக் கடை. காலையில் மிளகாய் மூட்டையை உதறினால் தெருவே தும்மும். சுற்றிலும் தமிழ் அண்ணாச்சிகள். நான் யாரோடும் தமிழ் பேசவில்லை. கேரள மார்க்கெட்டில் நுழைய வந்தவன் கேரளத்துக்காரனாக மாற வேண்டாமா? போர்டு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதினேன். பிளாஸ்டிக் குடக் கடை என்று எழுதவில்லை. ஹோம் சொல்யூஷன்ஸ் என்று எழுதினேன்.

கார்டும் அடித்தேன். சுபின், ரீஜனல் ஹெட். அந்த ரீஜனில் என்னைத் தவிர ஆள் இல்லை. தலை மட்டும்தான் இருந்தது, உடம்பு பிறகு வரும் என்று பிஜுவிடம் சொன்னேன். "தலையாவது உண்டோ அண்ணா?" என்றான்.

கடை திறந்த முதல் வாரமே ஒரு பெண் வந்து நின்றாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, புறங்கையில் காய்ந்த சிமெண்டு. கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். தொங்கவிட்டிருந்த ரோஸ் குடத்தைத் தொட்டாள். தடவிப் பார்த்தாள். பிறகு போர்டைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "சேட்டா, இது... எத்ர ரூபா?" என்றாள்.

"இவிடெ ஹோல்சேல் மாத்ரம்" என்றேன் நான்.

அவளுக்கும் மலையாளம் வராது, எனக்கும் வராது. இரண்டு தமிழர்கள் நேருக்கு நேர் நின்று இவ்வளவு மோசமான மலையாளம் பேசிய சம்பவம் அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்திருக்காது. அவள் போய்விட்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை.

எனக்கும் அவர்களைக் கூப்பிடத் தோன்றவில்லை. என் காலண்டர் தாளில் வாடிக்கையாளர் யார் என்பதற்கு நேரே "மலையாளி குடும்பத்தலைவி" என்று எழுதியிருந்தேன். தமிழர்களுக்கே விற்பதென்றால் நாகர்கோவிலிலேயே இருந்துவிடலாமே. அது எப்படிப் புது மார்க்கெட் ஆகும்?

ஆகவே மலையாளிக் குடும்பத்தலைவிகளைத் தேடி, கூட்ஸ் ஆட்டோவில் பலூன் மூட்டை மாதிரிக் குடங்களைக் கட்டிக்கொண்டு வித்துரா வரைக்கும் போனேன். போன இடமெல்லாம் கிணறு. கிணறு இல்லாத வீட்டில் மோட்டார், மோட்டார் இல்லாத வீட்டில் கிணறு, பல வீட்டில் இரண்டும்.

பேரூர்க்கடை அம்மாவுக்கு ஒரு பச்சைக் குடத்தைச் சாம்பிளாக இலவசமாகக் கொடுத்திருந்தேன். சில நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது பிஜு வண்டியை ஓரம் கட்டினான். மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டத்து நடுவில் ஒரு கம்பு, அதில் ஒரு பழைய சட்டை, சட்டைக்கு மேல் என் பச்சைக் குடம். கரியில் மீசை வரைந்திருந்தார்கள்.

"அண்ணா, உங்க கம்பெனிக்கு இப்போ ரெண்டு ஸ்டாஃப்" என்றான் பிஜு. "அந்த ஆள் டூட்டியில் உறங்குந்நில்ல."

லாரியில் முதல் இடம்

மாமா தினமும் காலையில் ஃபோன் செய்வார். முதல் மாதம், "எப்படிப் போவுது?" என்று கேட்டார். இரண்டாம் மாதம், "போவுதா?" என்றார். மூன்றாம் மாதம் கேள்வியே இல்லை.

"ஓணத்துக்கு முன்னால லோடு தீரணும், கேட்டியா. தீரலன்னா லாரி அனுப்புவேன். கொடத்த எல்லாம் பொறவு ஏத்தலாம், மொதல்ல நீ ஏறணும். மெஷின் ஒனக்காகக் காத்துக் கெடக்கு."

என்னால் மெஷினுக்குத் திரும்பப் போக முடியாது. வெக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரில் எல்லாரிடமும் கார்டு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அம்மா அதைச் சாமிபடத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். டீக்கடை மணியண்ணனுக்குக்கூடக் கொடுத்திருக்கிறேன். ரீஜனல் ஹெட் திரும்ப வந்து அதே வெக்கையில் பனியனோடு நிற்பதை மணியண்ணன் பார்த்தால், அந்தத் தெருவில் நான் மேற்கொண்டு டீ குடிக்க முடியாது.

ஆகவே மூளையைக் கசக்கினேன். குடத்தில் பிளாஸ்டிக் பூ வைத்து, பூச்சாடி என்று காட்டினேன். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு விளக்குக் கூடு என்றேன். ஓணத்துக்காக ஒரு குடம் வாங்கினால் ஒரு கப் இலவசம் என்று எழுதி வைத்தேன். ஒருவர் வந்து கப் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார்.

பக்கத்துச் சாக்குக் கடையில் தினமும் வாளி விற்றது, கயிறு விற்றது, ராட்டினம்கூட விற்றது. எனக்குப் போட்டியே இல்லை. அதுதான் பிரச்சினை என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

குடத்துக்கு நிறம் எதற்கு

இந்த இடத்தில் எங்கள் தெருக்குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நாளில் மனிதர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். குடங்கள் நிற்கும். ஆள் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள், அவள் குடம் வரிசையில் நிற்கும். அம்மாவுடைய குடம் பச்சை, கழுத்தில் ஊதுபத்தி சுட்ட ஓட்டை மாதிரி ஒரு தழும்பு. பக்கத்து வீட்டு ரோஸம்மாவுக்கு நீலம். ஒரு தடவை ரோஸம்மாவும் பச்சைக் குடம் வாங்கிவிட்டாள். அன்றைக்குக் குழாயடியில் ஆரம்பித்த சண்டை எங்கள் குலம்கோத்திரம் வரை போய்த் திரும்பியது. மறுநாள் ரோஸம்மாவின் வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஆரஞ்சு வாங்கி வந்தார்.

இவ்வளவும் பார்த்து வளர்ந்தவன், குடம் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவன், குடத்துக்கு ஏன் நிறம் போடுகிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

பெயிண்ட் டப்பா யுத்தம்

ஓணம் நெருங்கிய ஒரு காலை. கடையை ஒட்டிய கோடவுனுக்குப் பின்னால் பெரிய சத்தம். பின்கதவைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் ஓடு வேய்ந்த லைன் வீடுகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் ஒரு அறைக்கு நாலைந்து பேராக இருப்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். மார்க்கெட் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வேன்.

குழாயிலிருந்து தெருமுனைவரை வரிசை. எல்லாம் வெள்ளை நிறப் பெயிண்ட் டப்பா. கட்டட வேலையில் பெயிண்ட் தீர்ந்ததும் கழுவி எடுத்து வருவது. ஒரே அளவு, ஒரே வெள்ளை. நடுவில் இரண்டு பெண்கள் தண்ணீர் பிடித்த ஒரு டப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, கடைக்கு வந்த அதே சட்டைக்காரி.

"ஏ சண்முகத்தாயி, இது என் டப்பாடீ. கம்பி வளைஞ்சிருக்கு பாரு."

"எல்லா டப்பாக்கும் கம்பி வளைஞ்சுதான் இருக்கு. ஒன் பேரு எழுதியிருக்கா?"

"நேத்தும் என் டப்பாவத்தான் தூக்கிட்டுப் போன. நான் கண்ண மூடிட்டா நிக்கேன்?"

இழுத்த இழுப்பில் டப்பா இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவியது. அதிலிருந்த தண்ணீர் முழுக்க என் மேல். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் ரீஜனல் ஹெட் கார்டுகள்.

"சவத்தெழவு, கண்ணு தெரியாதா ஒங்களுக்கு" என்று கத்திவிட்டேன். மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த நாகர்கோவில் அப்படியே வெளியே வந்து விழுந்தது.

குழாயடியே என் பக்கம் திரும்பியது. சட்டைக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"அட, தமிழாளா நீ?"

என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத்தன நாளும் மாத்ரம், மாத்ரம்னு வெரட்டுனியே. இது மலையாளத்தாளுக கடை, நமக்குக் கொடுக்க மாட்டாங்கன்னு நாங்க தெருவுல நின்னே பாத்துட்டுப் போனோம். ஏ புள்ளைகளா, இங்க வாங்க. இந்தக் கடக்காரன் நம்மூர்க்காரனாம்."

"எந்த ஊரு?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாகர்கோவில்" என்றேன்.

"அதான் மலையாளம் பேசி மழுப்பிருக்கான்" என்றாள் சட்டைக்காரி. அவள் பெயர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம்.

"கொடம் வேணும்னா ஊர்லேருந்து கொண்டு வரலாமே அக்கா?" என்று கேட்டேன். மரியாதை தானாக வந்தது.

"பஸ்ல ஏத்துனா கொடத்துக்கும் ஒரு டிக்கெட் போடுதான் கண்டக்டரு. சீட்டுலயா ஒக்காருது அது?"

ஆறாவது ஆள்

அன்று காலை கடையின் பின்கதவு வழியாக வியாபாரம் நடந்தது. முத்துலட்சுமி ரோஸை எடுத்தாள். இடுப்பில் வைத்து இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். அப்படி ஒருத்தர் என் குடத்தை இடுப்பில் வைத்து நான் திருவனந்தபுரத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சண்முகத்தாய் நீலம், மற்றவர்கள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு.

"தம்பி, ஒரு வார்த்த" என்றாள் முத்துலட்சுமி. "ரோஸ் எனக்கு. இந்தக் குழாயில வேற யாருக்கும் நீ ரோஸ் கொடுக்கக்கூடாது."

"அப்பம் எனக்கு நீலம்" என்றாள் சண்முகத்தாய். "வேற யாராவது நீலத்தோட வந்தா ஒங்கடைக்கு வந்து ஒடைப்பேன்."

வீடியோவில் கோட்டுக்காரர் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு ஏரியாவில் ஒரே ஒருவருக்கு மட்டும் தனி உரிமை கொடுப்பது. அதற்குப் பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்து மாதக்கணக்கில் பேசுமாம். முத்துலட்சுமி பல்தேய்த்துக்கொண்டே முடித்துவிட்டாள்.

ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். என்னிடம் இருந்தது ஐந்து நிறம்.

கோடவுன் நிறையக் குடம் இருந்தது. ரோஸ் மட்டுமே கூரைவரை நின்றது. ஆனால் அந்தக் குழாயைப் பொறுத்தவரை என் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு குழாய்க்கு ஐந்து பேர் என்றால், ஓணத்துக்கு முன் லோடு தீர எத்தனை குழாய் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பத்தாம் வகுப்பில் அந்தப் பகுதிக்கு நான் போயிருக்கவில்லை.

ஆறாவது ஆள் கோபமாக உள்ளே போய் மூலையெல்லாம் துழாவினாள். அடுக்குக்கு அடியில் கையை விட்டு உருவி எடுத்தாள். ரோஸில் நீல நரம்பு ஓடிய குடம்.

"இது யாருகிட்ட இருக்கு?"

"அது ரிஜெக்ட் அக்கா. கெட்டுப்போன குடம். மெஷின்ல நான்..."

"இத மாதிரி வேற ஒண்ணு இருக்கா?"

"இதே மாதிரி இன்னொண்ணு வராதுக்கா. செய்யணும்னு நெனச்சாலும் வராது."

அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். முத்துலட்சுமி அந்தக் குடத்தைப் பார்த்தாள், தன் ரோஸைப் பார்த்தாள். "தம்பி, இத வச்சிக்க" என்று ரோஸை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். மற்ற நாலு பேரும் பின்னால் போனார்கள். நல்ல குடமெல்லாம் வாசலில் திரும்பி வந்து நின்றன. மாமா அடியில் ஒளித்து அனுப்பிய குப்பைதான் வரிசைக்குப் போனது.

மறுநாள் மற்ற லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கழக்கூட்டத்தில் கட்டடம் எழும்புகிற இடத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். குழாயடிச் சண்டையால் வேலைக்கு ஆள் நேரத்துக்கு வருவதில்லையாம். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை. யாரிடமும் இல்லாத குடம் வேண்டும். நரம்போடிய குடம் கிடைக்காதவர்கள் மட்டும் அரைமனதாக நல்ல குடத்தை எடுத்துப் போனார்கள்.

பிஜு வாசலில் திரும்பி வந்து நின்ற நல்ல குடங்களைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். "அண்ணா, மலையாளம் படிச்சது வேஸ்ட் ஆயல்லோ" என்றான்.

டென்னிசன் அண்ணனின் சுத்தமான கை

மாமாவுக்கு ஃபோன் செய்தேன்.

"மாமா, கெட்ட கொடம் வேணும்."

"குடிச்சிருக்கியாலே?"

விளக்கினேன். அவர் நம்பவில்லை. குழாயடி வரிசையைப் படமெடுத்து அனுப்பினேன். வெள்ளை டப்பாக்கள் இருந்த இடத்தில் கன்னிப்போன முதுகுகள் வரிசையாக நின்றன. படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, "ஒரு வாரம் பொறு" என்றார்.

அந்த ஒரு வாரமும் டென்னிசன் அண்ணன் ஹாப்பரைத் துடைக்காமல் மெஷின் ஓட்டிப் பார்த்தார். அவரால் முடியவில்லை. இரண்டு குருணையையும் கொட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் ஒருசேரக் கிளறிவிடுகிறார். வந்ததெல்லாம் ஒரே சீரான காப்பி நிறம். நூறு குடம் ஓட்டினால் நூறும் இரட்டைப் பிள்ளைகள். அண்ணன் அழாத குறை என்று மாமா சொன்னார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் லாரி வந்து கடை வாசலில் நின்றது. மாமாவே வந்திறங்கினார். உள்ளே போய்ப் பார்த்தார். கோடவுன் முக்கால்வாசி காலி. நேராகப் பின்கதவைத் திறந்து குழாயடிக்குப் போய், ஒவ்வொரு குடமாகக் குனிந்து பார்த்தார்.

"இது எப்படிலே வந்துது?" மஞ்சளில் பச்சை வழிந்த ஒன்றைக் காட்டிக் கேட்டார்.

"பச்சைய கழிக்காம மஞ்சளக் கொட்டிட்டேன் மாமா. பாட்டு கேட்டுட்டு நின்னேன்."

"இது?"

"அது ஒறங்கிட்டேன்."

மாமா நிமிர்ந்தார். நான் என் பாராட்டுக்காக நின்றேன். கேரள மார்க்கெட்டில் நுழைந்தாயிற்று, லோடு தீர்கிறது, ரீஜனல் ஹெட் பதவி நிலைத்துவிட்டது.

"வண்டியில ஏறு" என்றார் மாமா.

"மாமா, லோடு தீந்திட்டுல்லா?"

"அதுக்குத்தாம்லே சொல்லுதேன். டென்னிசனால முடியல. நானும் நின்னு பாத்தேன், எனக்கும் வரல. இந்த மாதிரிக் கெடுக்கதுக்கு நம்ம குடும்பத்துல ஒன்ன விட்டா ஆளு இல்ல மக்கா."

"அப்பம் இங்க கடைய யாரு பாப்பா?"

மாமா ஏற்கெனவே முத்துலட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியாத கட்டட வேலை இடம் இந்த ஊரில் இல்லை. எந்தக் குழாயில் யாரிடம் என்ன நிறம் இருக்கிறது என்று அவளிடம்தான் எல்லாரும் கேட்டு வருகிறார்கள்.

"சிமெண்டுச் சட்டி சொமக்கதுக்கு இது தேவல" என்றாள் முத்துலட்சுமி. கடைக்குள் வந்ததும் முதல் வேலையாக மேஜை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாள். ஆடியது. என் கார்டுகளில் நாலைந்தை எடுத்து மடித்துக் காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. அந்தக் கார்டுகளுக்குக் கிடைத்த முதல் உபயோகம் அது.

லாரியில் முதலில் ஏறியது நான்தான். மாமா சொன்ன வாக்கு தவறமாட்டார். களியக்காவிளை தாண்டும்வரை டீக்கடை மணியண்ணனிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெக்கை அப்படியே இருக்கிறது. ஒரு கஷ்டம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தினமும் ஒரே வேலையைச் செய்தால் என்ன ஆகும்? கை பழகிவிட்டது. என்னை அறியாமல் ஹாப்பரைத் துடைக்கிறேன். போன வாரம் டென்னிசன் அண்ணன் என் குடம் ஒன்றைக் கையிலெடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக என் தோளில் தட்டினார். மறுநாள் காலை முத்துலட்சுமி அக்காவின் ஃபோன் வந்தது.

"ஏ தம்பி, இந்த லோடுல எல்லாக் கொடமும் சுத்தமா, ஒரே மாதிரி இருக்கு. இங்க மறுபடி சண்ட ஆரம்பிச்சிருச்சு. என்ன, வேல கத்துக்கிட்டியா?"

"இல்லக்கா, சத்தியமா இல்லக்கா" என்றேன்.

நீலம் முடியப்போகிற நேரம். அடுத்தது மஞ்சள். துடைக்கிற துணியை டென்னிசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கம்பெனியின் நலன் கருதி ஃபோனை எதிரே சாய்த்து வைத்து, இருப்பதிலேயே நீளமான வீடியோவைப் போட்டேன்.